ஆப்பக்கா வெச்ச ஆப்பு

கால்வாய்க்கரைத் தெருவுல ஆப்பக்கா கையால ஆப்பு வாங்காத கடை ஒண்ணு கூட கிடையாது. டீக்கடைக்கு வெச்சிருக்கா, மருந்துக்கடைக்கு வெச்சிருக்கா, போன மழைக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கே நடந்து போய் வெச்சுட்டு வந்தா. இன்ஸ்பெக்டரு நாற்காலிய விட்டு எந்திரிச்சு கும்பிட்டாரு. ஆப்பு வெச்சவளுக்கு போலீஸே கும்பிடு போட்டது உலகத்துலயே இவ ஒருத்திக்குத்தான்.

தப்பா நெனச்சிராதீங்க. நெஜமான ஆப்பு. மரத்துல செதுக்கினது, ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெலிசா இருக்கும். கட்டில் காலுக்கும் மேசைக் காலுக்கும் அண்டக் குடுக்கிறது.

அந்தத் தெருவோட ராசி அப்படி. படகுல வந்த மூட்டைய எறக்கி அடுக்குறதுக்குன்னு இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டின குடோனுங்க. மூட்டைக்கென்ன, சாஞ்சு கெடந்தாலும் தூங்கும். இப்போ மூட்டை போயி மனுஷங்க வந்துட்டாங்க. கீழ சாப்பாட்டுக்கடை, மேல தங்குற ரூம்பு. எங்கெங்கிருந்தோ வர்றாங்க. தண்ணி ஓரமா மேசை போட்டு சாப்பிடணுமாம், பழைய மரக் கூரைக்கு அடியில படுக்கணுமாம், ஜன்னலத் தொறந்தா படகு போகணுமாம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டடம் மொத்தமும் சாவியத் தவற விட்டவன் குனிஞ்சு தேடுற மாதிரி தண்ணிப் பக்கம் சாஞ்சு நிக்குது.

அதுலயும் ஆப்பக்கா வேலை பாக்குற லாட்ஜ் இருக்கே, அது சாய்வுக்கே சாய்வு. மேல் மாடி ஏழாம் நம்பர் ரூம்புல ஒரு எலுமிச்சம்பழத்த உருட்டி விட்டா, அது சுவரேறி ஜன்னல்ல குதிச்சு, கால்வாய நீந்தி அக்கரைல போய் காஞ்சுக்கிட்டு இருக்கும்.

ஆப்பக்கா மொதல்ல அங்க பாத்திரம் தேய்க்கத்தான் வந்தா. கல்யாணமாகி வந்த புதுசு. படிப்பு மூணாங்கிளாஸ், அதுலயும் பாதி நாள் லீவு. அவ வந்து சேந்த வாரம் ஏழாம் நம்பர் கட்டில் நடந்துபோயி ஜன்னல் சுவத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சு. படுத்திருந்தவரு, "பூகம்பம்!"னு கத்திக்கிட்டே துண்டோட தெருவுக்கு ஓடினாரு. லாட்ஜ் நடத்துற முதலாளியம்மா தச்சரக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு ஒரு கால அறுத்தாரு. அந்தப் பக்கம் ஆடுச்சு. இன்னொரு கால அறுத்தாரு. இந்தப் பக்கம் ஆடுச்சு. அறுத்து அறுத்து சாயங்காலம் பாத்தா கட்டில் பாயாப் போச்சு.

கை ஈரத்தோட வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்த இவ, "ஏங்க, கட்டில் மேல என்ன தப்பு? தரைதானே கோணல்? கோணல் பண்ணினவன விட்டுட்டு நேரா நிக்கிறவன் கால வெட்டுறீங்களே"ன்னு கேட்டா. கேட்டதோட நிக்கல. பின்னாடி கெடந்த ஒடஞ்ச படகுப் பலகைல ஒரு துண்டக் கத்தியால சீவி, அடுத்த கட்டிலுக்கு அடியில சொருகினா. கட்டில் கம்முனு நின்னுச்சு. இருபத்தாறு வருஷமா நின்னுக்கிட்டு இருக்கு.

படகுப் பலகைதான் வேணும் அவளுக்கு. மத்த மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். படகுப் பலகை தண்ணி குடிச்சுக் குடிச்சு அலுத்துப்போன மரம். இனி ஊத்திக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லிரும்.

இடுப்புல ஒரு தோல் பை. அதுக்குள்ள ஆப்பு இல்லாம அவ குளிக்கக் கூட போனதில்ல. லாட்ஜுக்குள்ள செருப்பு போட மாட்டா. உள்ளங்கால்தான் அவளுக்குக் கண்ணு, காது, கணக்கு வாத்தியார் எல்லாம். ஒரு ரூம்புக்குள்ள நாலு எட்டு வெச்சான்னா, எந்தப் பலகை எவ்வளவு எறங்கியிருக்கு, எந்த உத்தரம் முனகுதுன்னு சொல்லிருவா. பதினெட்டு ரூம்பு, கீழ இருபத்தியொரு மேசை. இத்தன வருஷத்துல ஒரு மேசைல இருந்தும் ஒரு சொட்டு சூப்பு கீழ வழிஞ்சதில்ல. தங்க வர்றவங்க, "ஆகா, எவ்வளவு பழைய கட்டடம், எப்படி நேரா நிக்குது பாரு!"ன்னு சுவத்தத் தடவிக் குடுப்பாங்க. பாராட்டு சுவத்துக்கு. ஆப்பக்கா பக்கத்துலயே நின்னு துடைப்பத்தப் பிடிச்சுக்கிட்டு, பெத்த பிள்ளைக்குப் பரிசு குடுக்கிறப்போ பின் வரிசைல நிக்கிற ஆத்தா மாதிரி சிரிச்சுக்குவா.

அவ வீட்டுக்காரரு கால்வாய்ல பயணிகள் படகு ஓட்டுறாரு. அந்தப் படகுக்கு இஞ்சின் மெக்கானிக் ஒருத்தன். படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டர்ல ஆப்பக்கா பொண்ணு. ரெண்டு வருஷமா இஞ்சின்ல இல்லாத கோளாறெல்லாம் டிக்கெட் கவுன்ட்டர் வாசல்லயே வந்துச்சு. அப்புறம் என்ன, ஒரு நாள் பொண்ணு வந்து சொல்லிருச்சு.

"அம்மா, ஞாயித்துக்கிழமை அவரோட அப்பாவும் அம்மாவும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அவங்க அப்பா பெரிய மேஸ்திரி. ஊர்ல பாதி வீடு அவரு கட்டினது. பயங்கரக் கறாராம். அவரு சரின்னாத்தான் கல்யாணமாம்."

"வரட்டும். நாம என்ன பேயா?"

"அதுக்கில்லம்மா. அவங்க முன்னாடி ஆப்பு கீப்புன்னு பேசாத."

"பின்ன என்னடி சொல்லச் சொல்ற?"

"லாட்ஜ்ல மேற்பார்வைன்னு சொல்லு."

ஆப்பக்காவுக்கு மூக்கு செவந்துருச்சு. "மேற்பார்வையா? இருபத்தாறு வருஷமா நான் பாக்குறது கீழ்ப்பார்வைடி! குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு வளைஞ்சிருக்கு பாரு, கேள்விக்குறி கூட என்கிட்ட வந்து பாடம் கத்துக்கும்."

"உன் வேலைய நான் கொறை சொல்லலம்மா. அந்த வார்த்தை நல்லாவா இருக்கு? தெரியாதவங்க கேட்டா என்ன நெனப்பாங்க?"

பொண்ணு கண்ணு கலங்கிருச்சு. ஆப்பக்காவுக்கு உலகத்துல தாங்க முடியாத சாய்வு அது ஒண்ணுதான். "சரி சரி, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வாய்க்குப் பூட்டு போட்டுக்கிறேன்"னுட்டா. பொண்ணு வாழ்க்கை பெருசுதான். அதுக்காக இத்தன வருஷம் குனிஞ்சத இல்லன்னு சொல்லணுமா?

இதுக்குள்ள அந்தப் பக்கம் நடந்த கூத்து அவளுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், என் வயித்துல எதுவும் தங்காது. மேஸ்திரி முன்ன எப்பவோ கால்வாய்க்கரை டீக்கடைக்கு அடுப்பு மேடை கட்டிக் குடுத்தவரு. அந்தப் பழக்கத்துல டீக்காரருக்குப் போன் போட்டு விசாரிச்சிருக்காரு.

"அண்ணே, அந்த லாட்ஜ்ல வேலை பாக்குற அம்மா, டிக்கெட் கவுன்ட்டர் பொண்ணோட அம்மா, அவங்க எப்படிப்பட்டவங்க?"

டீக்காரரு நல்ல மனுஷன். என்ன, வாயத் தொறந்தா அதுவே மூடும் வரைக்கும் காத்திருக்கணும். "யாரு, நம்ம ஆப்பக்காவா? தங்கம்ங்க! இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஆப்பு வெச்சது அவங்கதான்."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தர் பாக்கி இல்ல. எனக்கு மட்டுமே பதினாலு வெச்சிருக்காங்க. புதுசா எவன் கடை போட்டாலும் மொத நாளே வந்து வெச்சிருவாங்க, நாம கூப்பிடக் கூட வேணாம்."

"சொந்தக்காரங்களுக்குமா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? அவங்க வீட்டுக்காரருக்கு வெச்சதுக்கு அப்புறம்தான் மனுஷன் ஆடாம அசையாம உக்காந்து படகே ஓட்டுறாரு!"

மேஸ்திரி போன வெச்சப்போ அவரு மூஞ்சி வெள்ளையடிச்ச சுவரு மாதிரி இருந்துச்சாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியுமா? சொல்லாம கொள்ளாம வியாழக்கிழமையே சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு, லாட்ஜுக்குத் தங்க வந்தவங்க மாதிரி வந்து எறங்கிட்டாரு. ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு முப்பது வருஷ மீசைய வேற எடுத்துட்டாரு. அது பலிக்கவும் செஞ்சுது. பொண்ணு காட்டின போட்டோவுல ஆப்பக்கா பாத்தது அந்த மீசைய மட்டும்தான். "மீசைக்குப் பின்னாடி ஆளும் இருக்காரா?"ன்னுதான் கேட்டிருந்தா.

ஏழாம் நம்பர் ரூம்பத்தான் குடுத்தாங்க. ஆப்பக்கா தண்ணிக் கூஜா கொண்டுபோய் வெச்சா. வந்தவரு சுவத்தத் தட்டிக்கிட்டு இருந்தாரு. அவரு விரல் நகமெல்லாம் சிமென்ட் தின்ன நகம். 'கொத்து வேலைக்காரரு போல. லீவுல வந்தும் கை சும்மா இருக்கல'ன்னு நெனச்சுக்கிட்டா.

"இந்தக் கட்டடம் விழாதாம்மா?" அப்படின்னாரு அவரு.

"உங்களுக்கு அப்புறமும் எனக்கு அப்புறமும் நிக்கும்ங்க. வேணும்னா அதுக்கு அப்புறம் வந்து பாருங்க."

அவரு சம்சாரம் பொசுக்குனு சிரிச்சுட்டாங்க. அவரு மொறச்ச மொறைப்புல அந்தச் சிரிப்பு பாதிலயே நின்னு போச்சு.

சாயங்காலம் ரெண்டு பேரும் கீழ தண்ணி ஓரத்து மேசைக்கு சாப்பிட வந்தாங்க. வெயில் எறங்கி கால்வாய் பூரா பித்தளைய உருக்கி ஊத்தின மாதிரி இருந்துச்சு. எல்லா மேசைலயும் ஆளுங்க. சூப்பு, சூடா ரொட்டி, வறுத்த மீனு. ஆறு மணிப் படகு வந்துச்சு. அது ஆப்பக்கா வீட்டுக்காரரு படகு. லாட்ஜைத் தாண்டுறப்போ ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாரு, அவங்க ரெண்டு பேருக்கும் உள்ள சங்கதி அது. அலை வந்து சுவத்துல மோதுச்சு. தரை லேசா நடுங்குச்சு. எந்த மேசைலயும் ஒரு ஸ்பூன் கூட சிணுங்கல.

அந்த மனுஷன் மட்டும் சூப்பத் தொடாம கிண்ணத்தையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் குனிஞ்சாரு. மேசைக் காலுக்கு அடியில துண்டு மரம் நீட்டிக்கிட்டு இருந்தது கண்ணுல பட்டுருச்சு. கொத்துக்காரன் கை சும்மா இருக்குமா? முழங்காலால மேசைய ஒரு தூக்கு தூக்கி, சட்டுனு ஆப்ப உருவிட்டாரு.

அவ்வளவுதான். கிண்ணம் வழுக்கிக்கிட்டு வந்துச்சு. சூப்பு மொத்தமும் அவரு மடில. ரொட்டித் தட்டு பின்னாடியே பாஞ்சுச்சு. மீனு ஒண்ணு, செத்து வறுபட்டதுக்கு அப்புறமும் சொந்த ஊர் ஞாபகம் வந்து, கால்வாய்க்கே திரும்பக் குதிச்சிருச்சு.

இருபத்தாறு வருஷத்துல மொத சூப்பு. ஆப்பக்கா துடைப்பத்தப் போட்டுட்டு பறந்து வந்தா. "எடுத்த ஆப்ப எடுத்த எடத்துல வைங்க! ஆப்பப் பிடுங்குறதுக்கு கொரங்குதான் வரும்னு கேள்விப்பட்டிருக்கேன், பெரிய மனுஷங்களும் கெளம்பிட்டீங்களா?"

எல்லா மேசைலயும் கை அப்படியே நின்னுருச்சு. அந்த மனுஷன் மடில சூப்பு, கைல ஆப்பு. அந்த நேரம் பாத்தா டிக்கெட் கவுன்ட்டரச் சாத்திட்டு பொண்ணு உள்ள வரணும்? அது மொதல்ல அந்த அம்மாவப் பாத்துச்சு. போன்ல மூஞ்சி பாத்துப் பேசியிருக்குல்ல.

"அத்தை?" அப்படின்னுச்சு. அப்புறம் மீசை இல்லாத மூஞ்சிய நாலு தடவை பாத்துட்டு, "ஐயோ, மாமா!"

ஆப்பக்காவுக்கு உள்ளங்காலு ஜில்லுன்னு போச்சு. சம்பந்தியா வரவேண்டியவரையா கொரங்குன்னா? ஞாயித்துக்கிழமைக்குப் போட வெச்சிருந்த பூட்டு வியாழக்கிழமையே ஒடஞ்சு தூளாயிருச்சு.

மேஸ்திரி எந்திரிச்சாரு. யாரையும் பாக்கல. ஆப்ப மேசை மேல வெச்சுட்டு மாடிப்படி ஏறிப் போயிட்டாரு.

பொண்ணு அழுதுச்சு. "நான் ஒண்ணே ஒண்ணுதானேம்மா கேட்டேன்." ஆப்பக்கா கீழ சிதறின ரொட்டியப் பொறுக்கினா. அவளுக்கு வாயடைச்சுப் போனது வாழ்க்கைல அது ரெண்டாவது தடவை. மொத தடவை அவ பொறக்குறதுக்கு முன்னாடி.

மேஸ்திரி சம்சாரம் மட்டும் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. அந்த ஆப்பக் கைல எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இதுவாம்மா ஆப்பு?"ன்னாங்க. "எல்லாருக்கும் ஆப்பு வெச்சீங்கன்னு டீக்காரரு சொன்னாரே, அது இதுவா? பதினாலும் இதுவா?" கேக்கக் கேக்க சிரிப்பு பொங்கிருச்சு. மேசையப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. "அடப்பாவி மனுஷா, இதுக்கா மீசைய எடுத்த! மூணு நாளாத் தூக்கமில்ல எங்க வீட்டுல. பொண்ணெடுத்தா அந்த அம்மா நமக்கும் வெச்சிருவாங்கன்னு!"

போன் கதை அப்பத்தான் ஆப்பக்காவுக்குத் தெரிஞ்சுது. வேற நாளா இருந்தா தரைல உருண்டு சிரிச்சிருப்பா, ஜன்னல் வரைக்கும் போயிருப்பா. இப்போ அவ காது மேல கூரைல இருந்துச்சு. ஏழாம் நம்பர் நேரா தலைக்கு மேல. மேஸ்திரி நடக்குற சத்தம்.

"கட்டில்கிட்ட நிக்கிறாரு"ன்னா மெதுவா. "இப்போ அலமாரி. பெட்டிய எடுக்குறாரு. பெட்டி கட்டுறாரு, போயிருவாரு." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "இப்போ முட்டி போட்டிருக்காரு. ஏன் முட்டி போடுறாரு?"

மேஸ்திரி படில எறங்கி வந்தாரு. வேற பேன்ட். கைல பெட்டி இல்ல. ரசமட்டம் இருந்துச்சு. நீளமா மரச்சட்டம், உள்ள சின்னக் கண்ணாடிக் குழல், குழலுக்குள்ள ஒரு குமிழி. குமிழி நடுவுல நின்னா மட்டம். எங்க போனாலும் பெட்டில அது இல்லாம போகமாட்டாராம், இவ பை மாதிரி.

"தரைல வெச்சேன், குமிழி ஓரத்துக்கு ஓடிப் போயிருச்சு"ன்னாரு. "கட்டில் மேல வெச்சேன், நடு. அலமாரி மேல, நடு. நாலு தடவை திருப்பி வெச்சேன், நடு. எதை வெச்சு மட்டம் பாத்தீங்க?"

பொண்ணு வேணாம் வேணாம்னு கண்ணால கெஞ்சுச்சு. 'மேற்பார்வை'ங்கிற வார்த்தை ஆப்பக்கா நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அது அங்கேயே வழுக்கி விழுந்துருச்சு.

"காலை வெச்சுப் பாத்தேங்க"ன்னா. "நான் இந்த லாட்ஜுக்கு ஆப்பு வைக்கிறவ. வேற வேலை எதுவும் எனக்குத் தெரியாது. இந்த வேலை என்னை விட்டா வேற யாருக்கும் தெரியாது."

மேஸ்திரி அவ பாதத்தப் பாத்தாரு. மூஞ்சியப் பாத்தாரு. "எல்லாம் சரி. ஜன்னல் ஓரத்துச் சின்ன மேசை மட்டும் தப்பு. தண்ணிப் பக்கம் ஒரு நூல் எறக்கம்." நூலுன்னா மேஸ்திரிங்க கணக்கு, ஒரு அங்குலத்த எட்டாக் கூறு போட்டா அதுல ஒரு கூறு. தப்பக் கண்டுபிடிச்சதுல அவரு மொகத்துல மீசை மறுபடி மொளச்ச மாதிரி ஒரு களை.

"அது தப்பில்லங்க."

"ரசமட்டம் பொய் சொல்லாதும்மா."

"அது இப்போ கேட்டதுக்கு இப்போ உள்ள பதிலச் சொல்லுது. அந்த மேசை காலைல காப்பி குடிக்கிற மேசை. சாயங்காலம் எல்லாரும் கீழதானே சாப்பிடுறாங்க, அங்க யாரு உக்காருறாங்க? காலைல மதகத் தொறப்பாங்க, கால்வாய்ல தண்ணி ஏறும், ஜன்னல் பக்கத்து மரமெல்லாம் ஊறித் தரை ஒரு நூல் மேல வரும். மேசை அப்போ நேராகும். கீழ இந்தச் சாப்பாட்டு மேசைய சாயங்காலத்துக்கு வெச்சிருக்கேன், கட்டில ராத்திரிக்கு வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம்."

"தரை எந்திரிக்குமா?" மேஸ்திரி சிரிச்சுட்டாரு. "முப்பத்தி மூணு வருஷமா தரை போடுறேன். நான் போட்ட தரை எதுவும் எந்திரிச்சு நடந்ததில்ல."

"போட்டுட்டு நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் அது என்ன பண்ணுச்சுன்னு யாரு பாத்தா?"

மேஸ்திரி சம்சாரம் மறுபடி வாயப் பொத்திக்கிட்டாங்க. மேஸ்திரி ரசமட்டத்த இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினாரு. "காலைல பாத்துருவோம். நடுவுல நின்னுச்சுன்னா, அந்தச் சின்ன மேசைலயே உக்காந்து நானே பொண்ணு கேக்கறேன். நிக்கலைன்னா, ஞாயித்துக்கிழமை நாங்க வரல."

"நிக்கலைன்னா இந்தப் பையக் கழட்டி உங்க கைல குடுத்துடறேன்"னா ஆப்பக்கா.

"அம்மா! மாமா! என் கல்யாணத்த மேசைக் கால்ல கொண்டுபோயி கட்டாதீங்க!" அப்படின்னுச்சு பொண்ணு. யாரு கேட்டா? ரெண்டும் ஒரே மரத்துல செஞ்ச ஆளுங்க.

மறுநாள் விடிஞ்சதும் ஏழாம் நம்பர்ல ஆஜர். மேஸ்திரி, அவரு சம்சாரம், பொண்ணு, ஆப்பக்கா, வாசல்ல முதலாளியம்மா. சின்ன மேசை மேல ரசமட்டம், எல்லார் கண்ணும் குமிழி மேல. மதகு ஆறு மணிக்குத் தொறக்கணும். ஆறாச்சு. குமிழி அசையல. ஆறே கால். குமிழி அங்கேயே சப்பணம் போட்டு உக்காந்திருந்துச்சு. பொண்ணு உதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மேஸ்திரி தொண்டையக் கனச்சாரு.

"அம்மா, ஆறே கால் ஆச்சு."

"உங்க கடிகாரத்துக்கு ஆறே கால் ஆச்சுங்க. மதகுக்காரருக்கு இன்னும் விடியல. என் கால் சொல்லுது." இருபத்தாறு வருஷத்துல அந்தத் தரை ஒரு நாளும் ஏமாத்தினதில்ல. இன்னிக்குன்னு பாத்து ஏமாத்துமா? பொண்ணு பக்கம் திரும்பவே இல்ல. ரெண்டு பாதத்தையும் பலகைல அழுத்தி, கண்ண மூடி நின்னா.

ஆறரைக்குத் தூரத்துல மதகு மணி அடிச்சுது. தண்ணி வர்ற சத்தம், அரிசி களையிற மாதிரி. கீழ கல்லுச் சுவத்துல சளக் சளக்குன்னு ஏறுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் ஆப்பக்கா குதிகால்ல ஒரு சின்னக் கூச்சம், பூனைக்குட்டி தலையால முட்டுற மாதிரி.

"இப்போ பாருங்க"ன்னா, கண்ணத் தொறக்காமலே.

உத்தரம் ஒண்ணு பெருமூச்சு விட்டுச்சு. குமிழி நடுங்குச்சு. ஒரு மயிரிழை நகந்துச்சு, நின்னுச்சு, யோசிச்சுச்சு, மறுபடி நகந்துச்சு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வந்து, தன் நாற்காலில உக்காருற முதலாளி மாதிரி உக்காந்துச்சு.

மேஸ்திரி ரசமட்டத்தத் திருப்பி வெச்சாரு. நடு. குறுக்கால வெச்சாரு. நடு. அப்புறம் அந்த மனுஷன் என்ன பண்ணினாருன்னா, செருப்பக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, வெறுங்கால பலகைல வெச்சு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே"ன்னாரு, தோத்த கொரல்ல.

"தெரியாதுங்க. மொத ஒம்பது வருஷம் எனக்கும் தெரியல."

வாசல்ல நின்ன முதலாளியம்மா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க: "இந்த லாட்ஜு சுவத்து மேல நிக்கல, சார். இவ மேல நிக்குது." இருபத்தாறு வருஷமா சுவரே வாங்கிக்கிட்டு இருந்த பாராட்டு அன்னிக்குத்தான் வழி தெரிஞ்சு ஆப்பக்கா வீட்டு வாசலுக்கு வந்துச்சு. பொண்ணு ஓடி வந்து அம்மா இடுப்பக் கட்டிக்கிச்சு. அந்தப் பையோட சேத்துத்தான்.

காப்பி வந்துச்சு. அதே மேசைல வெச்சாங்க, விளிம்பு வரைக்கும் ஊத்தி. ஒரு சொட்டு தளும்பல. மேஸ்திரி ஒரு வாய் குடிச்சுட்டு, இல்லாத மீசையத் தடவிக்கிட்டே கேட்டாரு.

"சம்பந்தியம்மா, உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுங்க. அப்படியே... எங்க வீட்டு முன் ரூம்புல ஒரு அலமாரி ஆடிக்கிட்டே இருக்கு. நான் கட்டின வீடுதான். வெளிய சொல்லாதீங்க. வந்து ஒரு ஆப்பு வெச்சுக் குடுங்களேன்."

"இந்த மனுஷன் வாயால கேட்டு வாங்குறாரு பாருங்க!" அப்படின்னு அவரு சம்சாரம் சிரிச்ச சிரிப்புல காப்பியே தளும்பிருச்சு. அது மேசை மேல தப்பில்ல.

"கொரங்குன்னு சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க"ன்னா ஆப்பக்கா.

"ஆப்பப் பிடுங்கினேன்ல, வேற எப்படிச் சொல்லுவீங்க?"

அப்பத்தான் கீழ தெருவுல இருந்து டீக்காரரு கொரல். சேதி அவருக்கு எப்படித்தான் எட்டுச்சோ, கால்வாயே கேக்கிற மாதிரி கத்தினாரு. "என்னக்கா! சம்பந்திக்கும் ஆப்பு வெச்சாச்சாமே?"

ஆப்பக்கா பொண்ணப் பாத்தா. பொண்ணு மூக்க உறிஞ்சிக்கிட்டே, "சொல்லும்மா"ன்னுச்சு.

ஆப்பக்கா ஜன்னல்ல பாதி ஒடம்பு வெளிய போற வரைக்கும் எட்டினா. கால்வாய்ல ஏழு மணிப் படகு வந்துக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு கரைலயும் ஆளுங்க நின்னு நிமிந்து பாத்தாங்க.

"வெச்சாச்சு!"ன்னா. "இனி ஆடாது!"